விளக்குத் தூணின் மட்டக்குறி

காலை மணி 6.50.

சதுக்கத் தோட்டத்தின் தெற்கு வாசலைத் திறந்துகொண்டு உள்ளே வந்த தோட்ட வடிவமைப்பாளர் முதலில் பார்த்தது கருவியைத்தான். வெட்டிக் குவித்த புதர்களுக்கு நடுவே, முக்காலியின் மேல், நிலத்தின் மேடுபள்ளம் அளக்கும் மஞ்சள் மட்டக்கருவி நின்றுகொண்டிருந்தது. பக்கத்தில் ஆள் இல்லை. முந்தின நாள் மாலை அவரே இரவல் கொடுத்த கருவி அது. வாங்கிப் போனவர் அதைத் தனியாக விட்டு நகரக்கூடியவர் இல்லை.

அடுத்து, அல்லிக்குளத்தின் கல்விளிம்பில் ஒரு சிறிய புத்தகம் கிடந்தது. அதை எடுக்கக் குனிந்தபோதுதான் குளத்துக்குள் பார்த்தார்.

குளத்தில் மூன்று வாரமாகத் தண்ணீர் இல்லை. ஆளுயர ஆழம். அடியில் பாசி காய்ந்த கல்தளம். கருவியை வாங்கிப் போன சர்வேயர் மல்லாந்து கிடந்தார். நீரூற்றுக் குழாயைத் தாங்கும் இரும்புச் சட்டத்தில் அவர் பின்மண்டை மோதியிருந்தது. வடிவமைப்பாளர் ஏணி வைத்து இறங்கி அவர் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். உடம்பில் சூடு இருந்தது. நாடி இல்லை.

காலை மணி 7.15.

ஆய்வாளர் வந்து சேர்ந்தார். ஐம்பதை நெருங்கும் பெண்மணி. இமைகள் எந்நேரமும் பாதி மூடினாற்போல் இருப்பதால் ஸ்டேஷனில் அவருக்கு ‘அரைத்தூக்கம்’ என்று பெயர். அவரிடம் பொய் சொல்லிப் பார்த்தவர்கள் மட்டும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை.

குளத்தைப் பார்ப்பதற்கு முன்பே அவர் ஏட்டைக் கூப்பிட்டு மட்டக்கருவியைக் காட்டினார்.

“அதை யாரும் தொடக் கூடாது. சுத்தி கயிறு கட்டுங்க. யாராவது ஓரமா சாஞ்சு நின்னாங்கன்னா நீங்கதான் பதில் சொல்லணும்.”

ஏன் என்று ஏட்டு கேட்கவில்லை. பன்னிரண்டு வருடமாக அவருடன் வேலை பார்க்கிறார். கயிற்றைக் கட்டினார்.

இறந்தவரின் சட்டைப் பையிலும் கால்சட்டைப் பையிலும் இருந்தவை: சைக்கிள் சாவி, கைக்குட்டை, சீவிய பென்சில் இரண்டு, கண்ணாடிக் கூடு, பாதி தீர்ந்த இருமல் மாத்திரை அட்டை. ஏட்டு ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டு உறையில் போட்டார்.

விளிம்பில் கிடந்தது அளவுப் புத்தகம். எழுதியிருந்த கடைசிப் பக்கத்தில் அன்றைய தேதி. கீழே, எறும்பு ஊர்ந்தாற்போன்ற பொடி எழுத்தில்: ‘வானம் மூட்டம். காற்று இல்லை. மணி 5.55.’ அதற்கும் கீழே ஒரே ஒரு அளவு. ‘விளக்குத்தூண் – 1.462.’ அடுத்த தாள் இல்லை. தைத்த இடத்தில் கிழிந்த ஓரம் மட்டும் பல்வரிசைபோல் நீட்டிக்கொண்டிருந்தது.

“யாரும்மா இவர்?” என்று ஆய்வாளர் கேட்டார். பெயரும் விலாசமும் அவருக்கு ஏற்கெனவே தெரியும். வடிவமைப்பாளரின் வாயால் கேட்க விரும்பினார்.

வடிவமைப்பாளர் சிமெண்ட் மூட்டைமேல் உட்கார்ந்து, கைகளை முழங்காலுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு சொன்னார்.

ஊரில் எல்லோரும் அவரை ‘மில்லிமீட்டர்’ என்றுதான் சொல்வார்கள். நகராட்சியில் இருபத்தாறு வருடம் சர்வேயர். வீட்டில் படம் மாட்டினாலும் நூல் கட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஆணி அடிப்பாராம். மூன்று வருடத்துக்கு முன்னால், அடைமழையில், இந்தத் தோட்டத்தின் தாங்குசுவர் இடிந்து விழுந்தது. சுவரடியில் பெஞ்சில் இருந்த மூன்று பேர் இறந்துபோனார்கள். ஒரு சிறுமி, அவளைக் கூட்டிவந்த சித்தி, ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர். சுவருக்குப் பின்னால் மழைநீரை வெளியேற்றப் புதிதாகப் பதித்திருந்த குழாய் தண்ணீரைத் தெருவுக்குக் கொண்டுபோவதற்குப் பதிலாகச் சுவருக்கே திருப்பி அனுப்பியிருக்கிறது. குழாயின் சரிவு தலைகீழ்.

சர்வேயர் கொடுத்த அளவுப்படிதான் பதித்தேன் என்றார் நகராட்சி இன்ஜினீயர். என் அளவு சரி, நீங்கள்தான் மாற்றிப் பதித்துவிட்டீர்கள் என்றார் சர்வேயர்.

விஷயம் இரண்டு கற்களில் இருந்தது. ஒன்று தோட்டத்துக்குள் விளக்குத்தூணின் அடிக்கல்லில் உயரத்தை ஒப்பிட வெட்டிய மட்டக்குறி. இன்னொன்று தெருவாசலோரச் சிறுபாலத்தின் கல்லில் வெட்டியது. குழாயின் ஒரு முனையை முதல் குறியிலிருந்தும் மறுமுனையை இரண்டாவது குறியிலிருந்தும் கணக்கிட்டுப் பதித்தார்கள். பாலக்கல் விளக்குத்தூணைவிட எண்பத்துநான்கு சென்டிமீட்டர் பள்ளத்தில் இருக்கிறது என்று சர்வேயர் எழுதிக்கொடுத்திருந்தார். அது உண்மையானால் தப்பு இன்ஜினீயருடையது. உண்மையில்லை என்றால் சர்வேயருடையது. திரும்ப ஒருமுறை அளந்திருந்தால் பத்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். ஆனால் சுவர் விழுந்த வாரமே அவசரப் பழுதுபார்ப்பு என்று தூணின் அடியை மண்ணும் சிமெண்டும் போட்டு மூடிவிட்டார்கள். அதைத் தோண்டிப் பார்க்க நகராட்சிக்கு மனம் வரவில்லை. விசாரணை இழுத்துக்கொண்டே போய் ஓய்ந்தது. சர்வேயரைக் கட்டாய ஓய்வில் அனுப்பினார்கள். இன்ஜினீயர் நாற்காலியிலேயே இருந்தார்.

“நான் இந்தத் தோட்டத்தை மாத்தி அமைக்க வந்தவ. எனக்கு இந்தப் பழைய பகையில சம்பந்தம் இல்ல. நூத்தி நாப்பது வருஷத்துத் தூண், அடிக்கல் வெளியில தெரியணும்னு ஆசைப்பட்டேன். நேத்து சாயந்தரம் சிமெண்டை உடைச்சோம். குறி அப்படியே இருந்துச்சு. அவருக்கு நான்தான் போன் பண்ணிச் சொன்னேன். மரியாதைக்கு இன்ஜினீயருக்கும் சொன்னேன்.”

“சர்வேயர் என்ன சொன்னார்?”

“கருவி தருவீங்களான்னு கேட்டார். வேலையாட்கள் வர்றதுக்கு முன்னால வந்து அளந்துட்டுப் போயிடறேன்னார்.”

ஆய்வாளர் கருவியைத் திரும்பிப் பார்த்தார். “இதைத் தனி ஆளா அளக்க முடியுமா?”

“முடியாது. ஒருத்தர் இங்க நின்னு குழல் வழியா பாக்கணும். இன்னொருத்தர் அளவுகோலைக் கல்லுமேல செங்குத்தா பிடிச்சு நிக்கணும்.”

அளவுகோல் தெருவாசல் பக்கத்து வேலியில், மடக்கிச் சாத்தியபடி இருந்தது.

“அப்ப ரெண்டு பேர்,” என்றார் ஆய்வாளர்.

காலை மணி 8.40.

சர்வேயரின் வீடு, சதுக்கத்திலிருந்து பத்து நிமிட நடையில், ஒரு மாடிக் குடியிருப்பின் தரைத்தளத்தில் இருந்தது. செய்தி முந்திக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுப் பெண்கள் கூடத்தில் நின்றார்கள். அவருடைய மனைவி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கண்கள் சிவந்திருந்தன, ஆனால் குரல் உடையவில்லை.

ஊர் இவரை ‘மனுக்காரம்மா’ என்று சொல்லும். மூன்று வருடத்தில் அறுபத்தோரு மனுக்கள். விளக்குத்தூணின் அடியைத் தோண்டுங்கள், என் கணவர் மேல் தப்பில்லை என்று தெரியும் என்பதுதான் ஒவ்வொன்றிலும். நகராட்சி வாசலில், இன்ஜினீயர் வீட்டு வாசலில், பத்திரிகை அலுவலகத்தில் என்று அவர் நிற்காத இடம் இல்லை. சர்வேயர் ஒரு கட்டத்தில் வெளியே வருவதையே விட்டுவிட்டார். இவர் விடவில்லை.

ஜன்னலோரத்து மேசையில் அந்த மனுக்களின் நகல்கள் அடுக்கியிருந்தன. மேலே ஒரு பசைப்புட்டி, தபால்தலைகள், ஒரு காலைச் செம்புக்கம்பியால் முடுக்கிய மூக்குக்கண்ணாடி, அவர்கள் மகள் வெளியூரிலிருந்து அனுப்பிய கடிதம், தேதி கிழிக்காத நாட்காட்டி.

கணவர் ஐந்தரைக்கே சைக்கிளில் கிளம்பிவிட்டார் என்றார் அவர். தான் எங்கும் போகவில்லை. துணி துவைத்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார். கூட யாரை அழைத்துப் போனார் என்று தெரியாது.

“அவருக்கு அளவுகோல் பிடிச்ச பழைய கோல்காரரைக் கூப்பிட்டிருப்பாரா?”

“இருக்கலாம். என்கிட்ட சொல்லல.” பிறகு அவர் கேட்டார்: “அவர் புத்தகம் கிடைச்சுதா?”

ஆய்வாளர் உறையோடு எடுத்துக் காட்டினார். அந்த அம்மாள் கிழிந்த ஓரத்தைப் பார்த்தார். விரலால் சுட்டினார்.

“இதுக்கு மேல உங்களுக்கு என்ன சாட்சி வேணும்? அவர் நிரூபிச்சுட்டார். அந்தத் தாளைக் கிழிச்சுட்டுப் போனவன் யாருன்னு இந்தத் தெருவுல யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க.”

பக்கத்து வீட்டுப் பெண்கள் தலையை ஆட்டினார்கள். ஏட்டும் தன்னையறியாமல் ஆட்டினார்.

காலை மணி 10.30.

கோல்காரரை விசாரிப்பது லேசாக முடிந்தது. இருபது வருடம் சர்வேயருக்கு அளவுகோல் பிடித்த மனிதர், இப்போது நகராட்சிக் கிடங்கில் வேலை. காலை ஐந்தரையிலிருந்து முப்பது பேர் முன்னிலையில் லாரியில் குழாய் ஏற்றிக்கொண்டிருந்தார்.

இன்ஜினீயர் அப்படி இல்லை. எட்டு மணிவரை வீட்டில் தூங்கினேன் என்றார். ஆனால் சதுக்கத்து ரொட்டிக்கடைக்காரர் ஆறு இருபதுக்கு அவரைத் தோட்டத்துக் கிழக்கு வாசலில் பார்த்திருந்தார். அதைச் சொன்னதும் இன்ஜினீயர் ஒரு தம்ளர் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

“எதுக்குப் பொய் சொன்னீங்க?”

“உண்மையைச் சொன்னா யார் நம்புவாங்க?”

“சொல்லிப் பாருங்க.”

“குறி வெளிய வந்துடுச்சுன்னு கேட்டதிலிருந்து தூக்கம் வரல. அவர் வந்திருப்பார்னு தெரியும். வாசல்லயே நின்னேன். அவர் எனக்கு முதுகு காட்டி, குழல்ல கண்ணை வச்சுக்கிட்டு நின்னார். உள்ள போகத் துணிச்சல் வரல. திரும்பிட்டேன்.”

“தனியாவா நின்னார்?”

இன்ஜினீயர் யோசித்தார். “கையை ஆட்டிக்கிட்டிருந்தார். இன்னும் இந்தப் பக்கம், இன்னும் கொஞ்சம்னு. எதிர்ல கோல் பிடிச்சவங்களுக்குச் சைகை காட்டற மாதிரி.”

“யார் அது?”

“தெரியல. நடுவுல புதர்.”

வெளியே வந்ததும் ஏட்டு, அந்தச் சைகைக் கதை நல்ல கற்பனை என்றார். இன்ஜினீயரை ஸ்டேஷனிலேயே உட்கார வைத்தார்கள்.

பகல் பன்னிரண்டு மணிக்குள் ஊர் தீர்ப்பு எழுதிவிட்டது. இன்ஜினீயரின் வீட்டு ஜன்னல்கள் இரண்டைக் கல்லெறிந்து உடைத்தார்கள். வேலை பார்க்கும் இடத்திலிருந்து அவர் மகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஸ்டேஷன் வாசலில் கூட்டம் சேர்ந்தது. மனுக்காரம்மா நேரில் வந்து, பத்திரிகைக்காரர்களிடம் நிதானமாக, ஒரே ஒரு வாக்கியம் சொல்லிவிட்டுப் போனார். “என் கணவர் அளந்ததைச் சொல்ல விடல, அதனால கொன்னுட்டாங்க.”

பிற்பகல் 1.10.

மருத்துவர் தொலைபேசியில் பேசினார். மார்பிலோ முகத்திலோ அடி இல்லை. சட்டையின் இடது கை தோள்பட்டையில் கிழிந்திருக்கிறது. யாரோ பிடித்து இழுத்திருக்கிறார்கள். விழுந்த உடனே சாகவில்லை. கால் மணி நேரமாவது உயிர் இருந்திருக்கும். நினைவும் இருந்திருக்கலாம்.

“உடனே தூக்கியிருந்தா?”

“பிழைச்சிருக்க வாய்ப்பு உண்டு,” என்றார் மருத்துவர்.

பிற்பகல் 2.30.

தோட்டத்தில் வேலையாட்கள் யாரும் இல்லை. கயிற்றுக்குள் கருவி விடியற்காலையில் நின்ற அதே இடத்தில், அதே உயரத்தில் நின்றது. ஆய்வாளர் கோல்காரரையும் வடிவமைப்பாளரையும் வரவழைத்திருந்தார்.

“கிழிஞ்ச தாள்ல என்ன இருந்துச்சுன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு, எனக்கு மட்டும் தெரியல. கருவி அசையல, கல்லும் அசையல. அவர் பாத்ததை நாமும் பாக்கலாம்.”

கோல்காரர் விளக்குத்தூணின் அடிக்கல்லில் வெட்டியிருந்த குறிமேல் அளவுகோலை நிறுத்தினார். கோல் ஒரு நூலளவும் அசையவில்லை. பழக்கம். வடிவமைப்பாளர் குழலில் கண்ணை வைத்தார்.

“ஒண்ணு புள்ளி நாலு ஆறு ரெண்டு.”

ஏட்டு புத்தகத்தைப் பார்த்தார். 1.462. ஒரு மில்லிமீட்டர்கூட வித்தியாசம் இல்லை.

“இந்த எண்ணை வீட்டிலிருந்து எழுதிட்டு வர முடியாது,” என்றார் ஆய்வாளர். “கருவியை எந்த உயரத்துல நிறுத்தறோமோ அதைப் பொறுத்துத்தான் எண் வரும். இங்க நின்னு, இன்னைக்குக் காலையில, அவர் கையால எழுதினது. இதை ஞாபகம் வச்சுக்குங்க.”

கோல்காரர் தெருவாசலுக்கு நடந்து போய்ப் பாலக்கல்மேல் கோலை நிறுத்தினார். வடிவமைப்பாளர் குழலைத் திருப்பினார். பார்த்தார். கண்ணை எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

“ஒண்ணு புள்ளி ஒன்பது சைபர் ரெண்டு.”

ஏட்டு பென்சிலால் கழித்துப் பார்த்தார். எண்பத்துநான்கு வர வேண்டிய இடத்தில் நாற்பத்துநான்கு வந்தது. கோல்காரர் அங்கிருந்தே எவ்வளவு என்று கேட்டார். சொன்னதும், மறுபடி பாருங்கள் என்றார். மூன்று முறை பார்த்தார்கள். பிறகு அவர் கோலை மடக்காமல் அப்படியே தரையில் போட்டுவிட்டு நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

ஆய்வாளர் போய் அவர் பக்கத்தில் நின்றார்.

“குழாய் பதிக்க அளந்த அன்னைக்கும் நான்தாம்மா கோல் பிடிச்சேன்,” என்றார் கோல்காரர். “நல்ல மழை. நனைஞ்சு நடுங்கிக்கிட்டிருந்தேன். சீக்கிரம் எழுதிக்கிட்டு வாங்க ஐயான்னு நான்தான் அவசரப்படுத்தினேன். அவர் எப்பவும் ரெண்டு தடவை பாப்பார். அன்னைக்கு ஒரு தடவைதான் பாத்தார்.”

நாற்பது சென்டிமீட்டர். சர்வேயரின் வாழ்நாளில் வெளியே தெரிந்த பிழை அந்த ஒன்றுதான்.

ஏட்டு மெல்லக் கேட்டார்: “அப்ப தப்பு இவர் மேலயா மேடம்?”

“ஆமா. அப்ப அந்தத் தாள்ல இருந்தது இன்ஜினீயரைக் காப்பாத்தற எண். அவர் கையில அது கிடைச்சிருந்தா கிழிச்சா போட்டிருப்பார்? கண்ணாடிச் சட்டம் போட்டு வீட்டு வாசல்ல மாட்டியிருப்பார். அது யாருக்கு ஆகாதோ அவங்கதான் கிழிச்சாங்க.”

ஏட்டின் முகம் மாறியது.

“காலையில எடுத்த சாமான் உறையைக் கொண்டாங்க. அந்தக் கண்ணாடிக் கூட்டைத் திறந்து பாத்தீங்களா?”

திறந்து பார்த்திருக்கவில்லை. இப்போது திறந்தார்கள். உள்ளே ஒன்றும் இல்லை.

“அவர்கிட்ட எத்தனை கண்ணாடி இருந்துச்சு?” என்று ஆய்வாளர் கோல்காரரிடம் கேட்டார்.

“ஒண்ணுதான். தூரத்துக்கு வேண்டாம், எழுதறப்போ மட்டும் போடுவார். அது இல்லைன்னா தன் கையெழுத்தே தெரியாது அவருக்கு. ஒரு கால் உடைஞ்சு கம்பி கட்டியிருப்பார். போற இடத்துல எல்லாம் கழட்டி வச்சுட்டு மறந்துடுவார். அவர் வீட்டு அக்காதான் பின்னாலயே வந்து எடுத்து வைப்பாங்க.”

மாலை மணி 4.00.

வீட்டில் இப்போது கூட்டம் இல்லை. மகள் வந்துகொண்டிருந்தாள், இரவு வந்து சேர்வாள். மனுக்காரம்மா கதவைத் திறந்துவிட்டு, தன் நாற்காலிக்கே போய் உட்கார்ந்தார். ஆய்வாளர் எதிரே உட்கார்ந்தார். ஏட்டு கதவோரம் நின்றார்.

ஆய்வாளர் கண்ணாடிக் கூட்டை எடுத்து மேசைமேல் வைத்தார்.

அந்த அம்மாள் கை நீட்டி, மனுக்களின் மேல் இருந்த மூக்குக்கண்ணாடியை எடுத்தார். அதன் வில்லைகளைத் தன் ஆடையின் ஓரத்தால் துடைத்தார். செம்புக்கம்பி கட்டிய காலை முதலில் மடக்கி, மற்றதை அதன்மேல் மடக்கி, கூட்டுக்குள் வைத்து மூடினார். மூடிய பிறகுதான் அவர் கை நின்றது.

“இது எப்படிம்மா இங்க வந்துச்சு?”

“மறந்து வச்சுட்டுப் போயிட்டார்.”

“அஞ்சு ஐம்பத்தஞ்சுக்கு அவர் தோட்டத்துல எழுதியிருக்கார். எறும்பு மாதிரி எழுத்து. எண் சரியா இருக்கு, நாங்க அளந்து பாத்துட்டோம். கண்ணாடி இல்லாம எழுதியிருக்க முடியாது. அப்ப கண்ணாடி அங்க இருந்துச்சு. காலையில நான் வந்தப்போ இந்த மேசைல இருந்துச்சு. செத்த மனுஷன் கொண்டுவந்து வச்சிருக்க மாட்டார். நானும் காலையில பாத்தேன். பாத்தும் விட்டுட்டேன்.”

மனுக்காரம்மா கூட்டின்மேல் கையை வைத்தபடி இருந்தார். யாரிடமோ சொல்வதுபோல், எடுத்ததே தனக்குத் தெரியவில்லை என்றார். கணவர் விளிம்புமேல் கழற்றி வைத்திருந்தார், மிதிபட்டுவிடுமே என்று பைக்குள் போட்டிருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து பையைத் திறந்தபோதுதான் பார்த்தாராம். அப்போதும் அதை ஒளிக்கத் தோன்றவில்லை. அது எப்போதும் இருக்கும் இடத்தில் வைத்தார்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னார்.

கணவர்தான் கூட வரச் சொன்னார். இத்தனை வருடம் எனக்காக அலைந்தவள் நீ, உன் கண்ணால் பார் என்றார். கோலை எப்படிப் பிடிப்பது என்று கற்றுக்கொடுத்தார். தெருவாசல் கல்லில் இவர் நேராகப் பிடிக்கவில்லை என்று கையை ஆட்டித் திருத்தினார். முதல் தடவை பார்த்ததும் முகம் வெளுத்தது. ஐந்து தடவை பார்த்தார். அப்புறம் உட்கார்ந்து எழுதினார். எழுதியதைப் படித்தும் காட்டினார். பிழை என்னுடையது, இன்ஜினீயர் என் அளவுப்படியே பதித்திருக்கிறார் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

“அழல அவர். எனக்கு அதுதான் தாங்கல. ஏதோ பாரம் இறங்கின மாதிரி மூச்சு விட்டார். மூணு வீட்டுக்கும் இப்பவே போய்ச் சொல்லிடறேன், நீயும் வான்னார்.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“வேண்டாம்னேன். யாரும் பாக்கல, தாளைக் கிழிச்சுடுங்கன்னேன். மூணு வருஷமா ஒவ்வொரு கதவா தட்டி, என் புருஷன் மேல தப்பில்லை, தப்பில்லைன்னு கத்தினவ நான். என் முகத்துலதான் கதவைச் சாத்தினாங்க, அவர் முகத்துல இல்ல. இப்ப நான் எந்த முகத்தோட போய் நிப்பேன்? சட்டையைப் பிடிச்சு இழுத்தேன். உதறினார். கோவத்துல தள்ளிட்டேன். பின்னால குளம் இருக்குன்னு எனக்குத் தோணவே இல்ல.”

“அதை நான் நம்பறேன்,” என்றார் ஆய்வாளர். “ஆனா அதுக்கு அப்புறம் கால் மணி நேரம் அவர் உயிரோட இருந்தார்.”

மனுக்காரம்மா ஜன்னலைப் பார்த்தார்.

“கூப்பிட்டார். என் பேரைச் சொல்லி ரெண்டு தடவை. நான் விளிம்புல உக்காந்துதான் இருந்தேன். ஏறி வந்தா அந்த மூணு வீட்டுக்கும் போவார்னு தெரியும். சத்தம் நிக்கற வரைக்கும் உக்காந்திருந்தேன். அப்புறம் தாளைக் கிழிச்சேன்.”

அதன்பிறகு இன்ஜினீயர் மேல் பழி தானாக வாயில் வந்ததாகச் சொன்னார். மூன்று வருடப் பழக்கம்.

தாளை அவர் எரிக்கவில்லை. அறுபத்தோராவது மனுவின் நகலுக்குள் வைத்திருந்தார். ஏட்டு அதை எடுத்தார். பொடி எழுத்தில் நான்கு வரி. கடைசி வரியின் கீழே இரட்டைக் கோடு.

ஆய்வாளர் எழுந்தார். அந்த அம்மாள் வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டில் மகளுக்காகக் கொடுக்க வேண்டும் என்று கேட்டார். கொடுத்துவிட்டு வந்து காரில் ஏறிக்கொண்டார். தெருவில் நின்றவர்கள் அவரை ஆறுதல் சொல்லத்தான் அழைத்துப் போகிறார்கள் என்று நினைத்து வழிவிட்டார்கள்.

மாலை மணி 6.15.

இன்ஜினீயரை வெளியே விட்டாயிற்று. தாளைக் காட்டியபோது அவர் சந்தோஷப்படவில்லை. தன் ஆட்கள்தான் மாற்றிப் பதித்துவிட்டார்களோ என்று மூன்று வருடம் தானும் பயந்துகொண்டிருந்ததாகவும், அதனால்தான் தோண்டுவதற்குக் கையெழுத்துப் போடாமல் தள்ளிப்போட்டதாகவும் மெல்லச் சொன்னார். அது ஆய்வாளர் விசாரிக்க வேண்டிய வழக்கு இல்லை.

ஏட்டு வண்டியை ஸ்டேஷன் பக்கம் திருப்பப் போனார். ஆய்வாளர் வேறொரு தெருவின் பெயரைச் சொன்னார்.

இறந்துபோன சிறுமியின் வீடு அது. தாய் தையல் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தார். தகப்பன் எழுந்து நாற்காலி போட்டார். ஆய்வாளர் நின்றுகொண்டே சொன்னார். சுவர் ஏன் விழுந்தது, யார் பிழை, அதை யார் கண்டுபிடித்தது, கண்டுபிடித்தவர் எங்கே வரக் கிளம்பினார், ஏன் வரவில்லை. சுருக்கமாகத்தான் சொன்னார். ஆனாலும் சொல்லி முடிக்க நேரமானது.

தகப்பன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். தாய் இயந்திரத்தின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினார்.

“எத்தனை மணிக்கு அவர் எங்க வீட்டுக்கு வரேன்னு சொன்னார்?”

“ஆறரை இருக்கும்.”

“நாங்க அஞ்சு மணிக்கே எழுந்துடுவோம்,” என்றார் அந்தத் தாய். “கதவு திறந்துதான் இருந்துச்சு.”

ஆய்வாளர் வெளியே வந்தார். இன்னும் இரண்டு வீடுகள் இருந்தன.